பூட்டக்காவும் மூன்றாவது டியூபும்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். வைத்தது நான்தான். கிருமி வளர்ந்த தட்டின் மூடியைத் திறந்த கணத்திலிருந்து திரும்ப மூடும்வரை அவள் வாய் திறக்கமாட்டாள். மாஸ்க் போட்டிருப்பாள், அதற்குள்ளும் உதடு ஒட்டியே இருக்கும். கூரை இடிந்து விழுகிறது என்று சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். மூடியைப் போட்ட பிறகுதான், "எந்தப் பக்கம்?" என்று கேட்பாள்.

அவள் புருஷனுக்கு நேர் எதிர்ப்பெயர், ரேடியோ. அதை நான் வைக்கவில்லை, ஆஸ்பத்திரியே வைத்தது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளர். முதுகுத்தண்டில் ஊசி போடும்போது நோயாளியைக் குனிய வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு, ஊசித் தட்டைப் பிரித்து டாக்டரிடம் நீட்டுவது அவர் வேலை. சம்பளம் அதற்குத்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் சொல்லும் கதைகளுக்குத்தான் ஊரெல்லாம் பெயர். பாதிக் கதை ஊசிக்கு முன்னால், மீதிக் கதை ஊசிக்கு அப்புறம். கதை எப்படி முடியும் என்ற யோசனையில் ஆள் அசையாமல் இருப்பான், ஊசி இறங்கியதே தெரியாது. பயந்து நடுங்குகிறவர்களை டாக்டர்களே, "ரேடியோவைக் கூப்பிடு" என்று சொல்லி அவரிடம் தள்ளிவிடுவார்கள்.

இப்படி ஒருத்திக்கும் இப்படி ஒருத்தருக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று நாங்கள் பேசாத நாள் கிடையாது. வீட்டிலும் அவர்தான் பேசுவார், அவள் கேட்பாள். காது புளிக்காதா என்று ஒருநாள் கேட்டேன். "சமையல் பண்றப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு புகழ்ச்சியை நான் கேட்டதில்லை.

பூட்டக்காவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் கண்ணாடிச் சில்லில் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவள். உருண்டையா, குச்சியா, நீலமா, சிவப்பா என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது. உருண்டை என்று நான் சொன்னதில் எந்த உருண்டை என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது, அந்த மெஷினுக்குத் தனி அறை இருக்கிறது, அந்த அறைக்கு ஏசி இருக்கிறது. எங்களுக்கு இருப்பது கழுத்து சுளுக்கிய ஒரு டேபிள் ஃபேன்.

பெரும்பாலான கிருமிகளை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தொல்லை கொடுப்பவை நெருங்கிய உறவுக்காரக் கிருமிகள்தான். நியூமோகாக்கஸ் என்று ஒன்று, நுரையீரலையும் மூளை உறையையும் தாக்குவது, பொல்லாதது. மைட்டிஸ் என்று இன்னொன்று, உங்கள் வாயிலும் என் வாயிலும் சமர்த்தாகக் குடியிருப்பது. இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றே. எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் ஒரு மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பெயர் சொல்வதுதான் வழக்கமான முறை. ஆனால் இந்த இரண்டிலும் அந்த மரபணு ஏறக்குறைய ஒன்றேதான். ஆயிரத்துச் சொச்சம் எழுத்தில் ஒன்றிரண்டு மாறினால் உண்டு. மெஷின் இரண்டு பெயரையும் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். பூட்டக்கா அதோடு விடமாட்டாள். வேறு ஏழெட்டு மரபணுக்களை எடுத்துப் படிப்பாள். அங்கேதான் இரண்டுக்கும் குட்டு வெளிப்படும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நியூமோகாக்கஸ்கள் ஒன்றுக்கொன்று ஓரளவு ஒத்துப்போகும். மைட்டிஸ் அப்படியில்லை, வாய்க்கு வாய் வேறு. இரண்டு பேருடைய மைட்டிஸை எடுத்து அந்த ஏழெட்டு மரபணுக்களை ஒப்பிட்டால் எழுத்துகள் தாறுமாறாக மாறியிருக்கும்.

அதனால்தான் எங்கள் லேபில் ஒரு பழக்கம். தட்டைத் தொடுகிற ஒவ்வொருவரும் வருஷம் ஒருமுறை தன் வாயையே பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுக்கவேண்டும். அதில் இருக்கும் மைட்டிஸ்களைப் படித்து மெஷினில் ஏற்றி வைத்துவிடுவார்கள். நோயாளியின் மாதிரியில் மைட்டிஸ் வந்தால் முதலில் எங்கள் வாய்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்திவிட்டால் நோயாளிக்குக் கிருமி இல்லை, லேபில் யாரோ தட்டுக்கு மேல் வாயைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 'மாதிரி லேபில் கலப்பானது, புதிதாக அனுப்பவும்' என்று ரிப்போர்ட் போகும். அந்த வாய்க்குச் சொந்தக்காரருக்கு ஒரு மாதத்துக்குக் கேலி உறுதி. எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. பூட்டக்காவுக்கு ஒருமுறைகூட நடந்ததில்லை.

தையல்காரர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். முதுகில் ஊசி போட்டு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் கடும் காய்ச்சல், தலைவலி, கழுத்தை அசைக்க முடியவில்லை. முதுகுத்தண்டு நீரை மூன்று டியூபில் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, வார்டில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முதல் டியூப் என்னிடம் வந்தது. சீழ் அணுக்கள் எக்கச்சக்கம், கிருமி எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாவது டியூப் பூட்டக்காவிடம் போனது. மூன்றாவது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஃப்ரீஸருக்குப் போனது.

இரண்டாவது டியூபிலிருந்து தட்டில் கிருமி வளர்ந்தது. மெஷின் வழக்கம்போல இரண்டு பெயரையும் போட்டது. நியூமோகாக்கஸ்தான் என்று வார்டில் முடிவே கட்டிவிட்டார்கள். பூட்டக்கா மற்ற மரபணுக்களைப் படித்தாள். மைட்டிஸ் என்று வந்தது. கூடவே இன்னொரு வரியும் வந்தது. எழுத்துக்கு எழுத்து, ஒன்றுகூடப் பிசகாமல், அது பூட்டக்காவின் வாயிலிருக்கும் மைட்டிஸ்.

சத்தியமாகச் சொல்கிறேன், எங்களுக்கெல்லாம் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். "பூட்டு திறந்துடுச்சுடோய்!" என்று, கிருமி வளர்க்கும் தட்டுகளைத் தயாரிக்கிற மீடியா அறையிலிருந்து ஒருவன் கத்தினான். நானும் என் பங்குக்கு, "அப்படி யார்கிட்டக்கா பேசினே, கிருமிகிட்டயா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மேடம், லேபுக்குப் பொறுப்பான டாக்டர், நல்ல மனுஷி. தோளில் தட்டி, "யாருக்கும் நடக்கறதுதான்மா. கலப்புன்னு எழுது, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

"நான் வாயைத் திறக்கல மேடம்."

"தும்மல் வந்திருக்கும், ஞாபகம் இருக்காது."

அவள் போனை எடுத்து தியேட்டர் நர்ஸைக் கூப்பிட்டாள். அந்த ஆபரேஷனில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். நர்ஸ் பெயர்களை அடுக்குவது எனக்கே கேட்டது. "சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், நான், அப்புறம் உங்க வீட்டுக்காரர்." "தையல்காரர் என்னா நடுக்கம் நடுங்கினாருங்கிறீங்க? உங்க வீட்டுக்காரருதான் மாஸ்க்கை இறக்கிவிட்டுட்டு, முகத்துக்கு நேரா குனிஞ்சு, ஊசித் தட்டைப் பிரிச்சுக்கிட்டே கதை சொல்லி சிரிக்க வெச்சாரு" என்றாள் நர்ஸ், மெச்சிக்கொண்டு.

போனை வைத்துவிட்டு அவள் மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. மேடத்துக்கு உறைத்தது, முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகுதான் எனக்குப் புரிந்தது. வாய்க்கு வாய் வேறு என்று சொன்னேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே வீட்டில், ஒரே தம்ளரில், வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்துகிற புருஷன் பெண்டாட்டிக்குள் சில சமயம் ஒரே மைட்டிஸ் குடியிருக்கும். பிரித்த ஊசித் தட்டின்மேல் பேசிய வாய் அவருடையது.

மேடம் கதவைச் சாத்தினார். என்னை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டார், நானும் நினைவுபடுத்தவில்லை.

"இங்க பாரு. நம்ம விதிப்படி கலப்புன்னு எழுதினா அது பொய் இல்ல. உன் வாயோட பொருந்துது, அவ்வளவுதான் விதி. யாரும் மேற்கொண்டு கேக்க மாட்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"கலப்புன்னு போனா வார்டுல என்ன பண்ணுவாங்க மேடம்?"

"புது மாதிரி எடுப்பாங்க."

"மருந்து ஏறிட்டிருக்கு. அதுல ஒண்ணும் வளராது. கிருமியே இல்ல, மயக்க மருந்தோட எரிச்சல்தான்னு மருந்தை நிறுத்திடுவாங்க."

காலையில்தான் வார்டு டாக்டர் போன் பண்ணி, கலப்பு என்றால் அன்றைக்கே மருந்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருந்தார். அது மேடத்துக்கும் தெரியும்.

"மூணாவது டியூப் ஃப்ரீஸர்ல இருக்கு" என்றாள் பூட்டக்கா. "அதை நான் தொடக்கூடாது. இவ பண்ணட்டும். நான் இந்த பில்டிங்லயே இருக்க மாட்டேன். அதுலயும் அதே வந்தா, அது என் வாயில இருந்து வரல."

அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தேதான் சொன்னாள். விரல்கள் மேஜை மேலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டின.

மருந்து ஏறுவதற்கு முன்னால் எடுத்த நீர் அது, அதுவரை யாரும் திறக்காதது. கீழ்த்தளத்து அறையில் இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திறந்தேன். மூச்சு முட்டியது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு முழு மத்தியான வேளை நான் பேசாமல் இருந்தேன், அதை யாரும் பாராட்டவில்லை. அவள் வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் வளர்த்தால் மறுபடியும் கலந்துவிட்டது என்பார்கள் என்று நீரிலிருந்தே நேராக மரபணுக்களைப் பிரித்து மெஷினுக்கு ஏற்றினேன். மறுநாள் எழுத்துகள் வரிசையாக வந்தன. என் வாயோடு பொருந்தவில்லை. அதே மைட்டிஸ். அப்படியென்றால் அது லேபில் ஏறியதில்லை, தையல்காரரின் முதுகுத்தண்டுக்குள்ளேயே இருந்தது.

ரிப்போர்ட் வார்டுக்குப் போனது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்பதையும் பூட்டக்கா சேர்த்து அனுப்பினாள். நியூமோகாக்கஸுக்கென்று ஏற்றிக்கொண்டிருந்த மருந்து அதன்மேல் சரியாக வேலை செய்யவில்லை. மாற்றினார்கள். தையல்காரருக்குக் காய்ச்சல் இறங்கியது.

அடுத்து, தியேட்டரில் இருந்தவர்களின் வாய்களைத் துடைக்கவேண்டும். பூட்டக்கா தொடமாட்டேன் என்றுவிட்டாள், அதுவும் என் தலையில் விழுந்தது. சர்ஜன் முறைத்துக்கொண்டே வாயைத் திறந்தார். மயக்க மருந்து டாக்டர் ஏதோ யோசனையில் திறந்தார். ரேடியோ வழக்கம்போலக் கலகலவென்று வந்தார்.

"இத்தனை வருஷமா எல்லாரும் மூடு மூடுன்னு சொன்ன வாயி. இன்னிக்குத்தான் ஒரு மகராசி திறன்னு சொல்றா. எங்க உங்க அக்கா? அவ பார்க்கணுமே இதை!"

"வேலையா இருக்காங்கண்ணே. ஆ சொல்லுங்க."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரிசல்ட் வந்தது. மற்ற மூன்று பேருடைய மைட்டிஸும் வேறு வேறு. அவருடையது பொருந்தியது.

மேடம்தான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு வேலை செய்ய விட்டதற்காக மயக்க மருந்து டாக்டருக்கு ஒரு எச்சரிக்கை. ரேடியோவைத் தியேட்டரிலிருந்து எடுத்து ஸ்டோருக்குப் போட்டார்கள். கையுறை, பஞ்சு, படுக்கை விரிப்பு எடுத்துக் கொடுக்கிற இடம். சம்பளத்தில் குறையில்லை. ஆனால் அங்கே பயந்தவர்கள் யாரும் வருவதில்லை.

மேடம் அவரிடம் சொன்ன அன்று மத்தியானம் கேன்டீனில் நானும் பூட்டக்காவும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். நான் எழுந்திருக்கப் போனேன். "நீ இரும்மா" என்றார்.

"கலப்புன்னு எழுதியிருக்கலாமாமே? உங்க மேடம் சொன்னாங்க."

"எழுதியிருக்கலாம்."

"நான் எழுதச் சொல்லியிருக்க மாட்டேன். அது வேற. அந்த மனுஷன் உசிரு. ஆனா முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ஊரெல்லாம் தெரிஞ்ச பிறகா எனக்குத் தெரியணும்?"

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சொல்லியிருந்தா நீங்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வெச்சிருப்பீங்க. எனக்கு எழுத மனசு வந்திருக்காது."

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் பேச்சில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு எழுந்து போய்விட்டார். அவள் சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவினாள், லேபுக்கு வந்து கிருமித் தட்டுகளைத் திறந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று மீடியா அறைக்காரன் என் காதில் ஓதினான். அவனை நான் கண்டபடி திட்டினேன். எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் மட்டும் இல்லை.

வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் மகள் காலையில் என் பஸ்ஸில்தான் காலேஜுக்குப் போகிறாள். "அப்பா பேசறதே இல்ல அத்தை. அம்மா எப்பவும் பேச மாட்டா. வீட்டுல குக்கர் சத்தம்தான்" என்றாள். சமையலறைக்கு மகளே ஒரு ரேடியோ வாங்கி வைத்தாளாம், நிஜ ரேடியோ. இரண்டு பேருமே அதைப் போடவில்லையாம். ஸ்டோரிலிருந்து லேபுக்கு ஏதாவது வாங்கவேண்டும் என்றால் பூட்டக்கா என்னைத்தான் அனுப்புவாள். போனால், சரியாக மாட்டிய மாஸ்க்கோடு, மூக்குக் கம்பியை அழுத்திவிட்டுக்கொண்டு, கேட்டதை எடுத்துக் கொடுப்பார். "எத்தனை பெட்டி?" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஒருநாள் கையுறைப் பெட்டிகள் நிறைய வேண்டியிருந்ததால் பூட்டக்காவும் கூட வரவேண்டியதாயிற்று. ஸ்டோர் கவுன்டருக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். மெலிந்திருந்தார், சட்டை தோளிலிருந்து தொங்கியது, ஆனால் தையல் என்னவோ கச்சிதம். கையில் டாக்டர் சீட்டு. ஒரு பக்கத்துக் காதை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் காய்ச்சல் போகும்போது இன்னொரு பக்கத்துக் காதை முழுசாகவும் இந்தக் காதைப் பாதியாகவும் கொண்டுபோய்விட்டது என்று வார்டு ரிப்போர்ட்டில் படித்திருந்தேன்.

"தியேட்டர்ல கேட்டேன், இங்க இருக்கீங்கன்னாங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் தையல்காரர். "அங்க இருந்த யாரு முகமும் எனக்கு ஞாபகம் இல்ல. எல்லாம் மாஸ்க். உங்க முகம் மட்டும்தான் ஞாபகம்."

ரேடியோ மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்.

"கேக்கல. அதை இறக்குங்க. உதடு தெரிஞ்சாத்தான் எனக்குப் புரியுது."

ரேடியோவின் கை மாஸ்க்கிடம் போய் நின்றுவிட்டது. அப்போதுதான் எங்களைப் பார்த்தார். பூட்டக்கா கதவருகிலேயே நின்றாள். அவர் மாஸ்க்கைத் தொடாமலே, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உங்களுக்கு வந்த காய்ச்சல் என் வாயில இருந்து வந்தது. என்னாலதான்."

"அது கேட்டுச்சு. டாக்டர் சொல்லிட்டாரு" என்றார் தையல்காரர். "கோவம் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. கஸ்டமர் அளவு சொல்றதை எழுதித் தரச் சொல்லி வாங்கறேன், வராதா கோவம்? அது ஒரு பக்கம் கிடக்கட்டும். நீங்க கதையைப் பாதியில விட்டுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டீங்க. குறட்டைக் கதை. படுக்கையில கிடந்தப்பெல்லாம் அதுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. பொண்டாட்டி நீ குறட்டை விடறேங்கிறா, நீங்க இல்லேங்கிறீங்க, சண்டை. இன்னிக்கு ராத்திரி உண்மையைக் கண்டுபிடிச்சுடறேன்னு கிளம்பினீங்க. அப்புறம் என்ன ஆச்சு?"

ரேடியோவின் கை மறுபடியும் மாஸ்க்கின் மூக்குக் கம்பிக்குப் போனது.

"ஜன்னல் பக்கம் தள்ளி நின்னு சொல்லுங்க" என்றாள் பூட்டக்கா.

இத்தனை நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது என்று நினைக்கிறேன். அவர் அவளைப் பார்த்தார். பிறகு அறையின் கடைசிக்கு, திறந்திருந்த ஜன்னலுக்குப் போய் மாஸ்க்கை இறக்கினார். தாடி நரைத்துப்போயிருந்தது. தையல்காரர் கவுன்டர்மேல் கையை ஊன்றி அவர் உதட்டையே பார்த்தார்.

"ராத்திரி பூரா படுத்துக்கிட்டே முழிச்சிருந்து, காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். விடியற வரைக்கும். ஒரு சத்தம்கூட வரல!"

தையல்காரருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அப்புறம் சிரித்தார். அவர் சிரிப்பின் சத்தம் அவருக்கே சரியாகக் கேட்காததாலோ என்னவோ, வராந்தாவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். ரேடியோ மாஸ்க்கை மேலே இழுத்து மூக்குக் கம்பியை அழுத்தினார், கவுன்டருக்கு வந்து எங்கள் பெட்டிகளை எடுத்துவைத்தார்.

திரும்பி நடக்கும்போது பெட்டிகளின் உயரத்துக்கு மேலே பூட்டக்காவின் கண்கள் மட்டும் தெரிந்தன. லேப் கதவை எட்டினோம். அங்கே நின்று, "அவரு நிஜமாவே குறட்டை விடுவாரு" என்றாள்.

"தெரியாதா பின்ன? உன் பொண்ணு சொல்லுவாளே, பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும்னு."

"அவரை ஸ்டோருக்குப் போட்டதுல இருந்து ஒரு சத்தமும் இல்ல" என்றாள். "நானும் விடியற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் படுத்திருக்கேன்."

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.